ருசி பார்க்கும் நாற்காலி

சைவக் குழுவில் கறி தின்கிறவருக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் நியாயம்தான். ஆனால் அந்தப் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் புதன்கிழமைதோறும் கூடுகிற சைவக் குழுவில், கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியை அப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் போட்டிருந்தார்கள். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அந்த வட்டாரத்துக்கே அவர் லிஃப்ட்காரர்.

அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஒரு லிஃப்ட்தான். ஒரு சாயங்காலம் அது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே குழுவின் தலைவி, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர், ஒரு பெரிய பாத்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட்காரர் வந்து, மேலே மோட்டார் அறைக்கு ஏறி, சக்கரத்தைக் கையால் சுற்றி, டீச்சரையும் பாத்திரத்தையும் சேதாரமில்லாமல் மூன்றாம் மாடியில் சேர்த்தார். நன்றிக்கு ஒரு தட்டு நீட்டினார்கள். சோயாவும் காளானும் போட்டு, அச்சு அசல் கறிதான் என்று நம்பி அவர்கள் செய்திருந்த வறுவல். அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு மனசில் பட்டதைச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கறி மாதிரி இல்லைங்க."

வேறு இடமாக இருந்தால் முகம் சுண்டியிருக்கும். இவர்களுக்கோ கடவுளே ஆள் அனுப்பிய மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்தக் குழுவில் அத்தனை பேரும் பிறந்ததிலிருந்தே சைவம். கறிப் பிரியர்களை வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கறி மாதிரி சமைத்துத் தெருமுனையில் மேசை போட்டு எல்லோருக்கும் கொடுத்துவந்தார்கள். ஆனால் கறி எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் கூச்சம். ஜனங்களும் வாங்கித் தின்பார்கள், கையைக் கழுவிக்கொண்டு நேரே கறிக்கடைக்குப் போவார்கள். ஆண்டுக் கூட்டத்தில் 'மனம் மாறியவர்கள்' என்ற இடம் வரும்போது செயலாளர் லேசாக இருமிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர். இருமல் அவருக்குக் கைவந்த கலை.

"அப்ப எப்படி இருக்கணும், சார்?" என்று டீச்சர் கேட்டார்.

லிஃப்ட்காரரை யாரும் அதுவரை 'சார்' என்று அழைத்ததில்லை. அவர் கண்ணை மூடி யோசித்து, இன்னும் கொஞ்சம் இறுக்கம் வேண்டும், மிளகு தூக்கலாக வேண்டும், ஓரம் சற்றுக் கருக வேண்டும் என்றார். அடுத்த புதன்கிழமையும் வரச் சொன்னார்கள். வந்தார். நாற்காலி வந்தது. அவருக்கென்று தனிக் கரண்டி வந்தது. எல்லோரும் வெங்காயம் உரித்து, பாத்திரம் தேய்த்து, வேர்த்து விறுவிறுத்து நிற்க, அவர் மட்டும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். எழுந்து ஒரு கை கொடுக்கலாம் என்று போனால் "நீங்க உட்காருங்க சார்" என்று நாலு பேர் ஓடிவருவார்கள்.

அவர் மனைவி இறந்து சில வருஷமாகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. மாடியில் ஒற்றை அறையில் அவர். கீழே அவருடைய அக்கா குடும்பம். வேலை முடிந்து வந்தால் டீயும் ரொட்டியும், சுவரும் அவரும். புதன்கிழமை மட்டும் முகம் மழித்துக்கொள்வார், இஸ்திரி போட்ட சட்டையைத் தேடுவார். "யாரு பொண்ணு பார்க்க வர்றாங்க?" என்று அக்கா கீழேயிருந்து கேட்பாள். அந்த மூன்றாம் மாடியில் பத்துப் பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

வில்லங்கம் எங்கே ஆரம்பித்ததென்றால், அவருடைய தட்டில்தான். குழுவில் மிஞ்சியதையெல்லாம் அவருக்குத்தான் டப்பாவில் போட்டுக் கொடுப்பார்கள். அது நாலைந்து நாளைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கறிச் சாப்பாடு. ஒரு ஞாயிறு அவர் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுக் கறியை ஓரமாக ஒதுக்கியிருந்தார். அதை அவரே கவனிக்கவில்லை, அக்கா கவனித்தாள்.

"என்னடா, பல்லு போச்சா, இல்ல பக்தி வந்துடுச்சா?"

பல்லும் போகவில்லை, சாமி பயம் புதிதாக வந்ததாகவும் தெரியவில்லை. நாக்கு எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறியிருந்தது. அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிறு போயிற்று, அவர் தொடவில்லை. அக்காவும் அவருடைய பங்கை வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

இதைப் போய் டீச்சரிடம் சொல்லியிருந்தால் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. கறி தின்கிற நாக்குக்காகத்தானே அந்த நாற்காலி? தின்னாத நாக்கு அங்கே ஏற்கனவே பத்து இருக்கிறது. பதினோராவது எதற்கு? சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள், மறுபடியும் சுவரும் அவரும்தான். ஆகவே அவர் வாரா வாரம் கண்ணை மூடி, ஆழ்ந்து யோசிக்கிற மாதிரி பாவனை செய்து, "கறிக்கு இவ்வளவு எண்ணெய் ஆகாது", "கறியில கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சா எடுப்பா இருக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எது பிடித்ததோ அதுதான் கறி என்றாகிவிட்டது. டீச்சர் பயபக்தியோடு தலையாட்டி எலுமிச்சை பிழிவார்.

இந்த நேரத்தில் குழு ஒரு பெரிய விருந்துக்கு ஏற்பாடு செய்தது. கீழ்த்தளத்துக் கூடத்தில் மதியச் சாப்பாடு, வட்டாரம் முழுவதற்கும் அழைப்பு. செயலாளர் சுவரொட்டி அடித்தார். அதில் கரண்டியும் கையுமாக லிஃப்ட்காரர் படம். கீழே, 'பரம்பரைக் கறிப் பிரியர் ஒருவர் வாரந்தோறும் ருசி பார்த்து ஒப்புக்கொண்டது' என்று கொட்டை எழுத்தில். அதைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தார்.

அதைவிடப் பெரிய சோதனை விருந்துக்கு முந்தின புதன்கிழமை வந்தது. டீச்சர் அவரைப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த மூலைக்குத் தனியாகக் கூட்டிப்போனார். முகம் வெளிறியிருந்தது. குரலைத் தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நன்றாகவே சாப்பிடும்படி கேட்டுக்கொண்டார். விருந்தன்று நாக்கு கூர்மையாக இருக்க வேண்டுமாம்.

"எதைச் சாப்பிடணும் டீச்சர்?"

"அதான் சார். நீங்க வழக்கமா சாப்பிடுறது. என் வாயால சொல்லவைக்காதீங்க."

செயலாளருக்கு இதில் சம்மதமே இல்லை என்றும், சைவக் குழுவே ஒரு மனிதரைக் கறி தின்னச் சொல்வதா என்று இரவெல்லாம் அவர் தூங்கவில்லை என்றும் டீச்சர் சொன்னார். நல்ல காரியத்துக்காகத்தானே, கடவுள் மன்னிப்பார் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் அக்கா வீட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். தானாகவே கேட்டு ஒரு துண்டு வாங்கினார். அக்கா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். வாயில் போட்டார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அந்த லிஃப்ட் அன்றைக்கு நின்ற மாதிரி அது மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நடுவில் நின்றது.

"துப்பித் தொலைடா. பார்க்க சகிக்கல," என்றாள் அக்கா.

துப்பினார். கண்ணில் நீர் முட்டியது. அது கறியினால் அல்ல.

விருந்தன்று கூடம் நிரம்பிவிட்டது. இலவசச் சாப்பாடு என்றால் கொள்கை பார்த்தா வருவார்கள்? நீள மேசைகள், காகிதத் தட்டுகள், ஒரு பக்கம் ஆவி பறக்கும் வறுவல். நடுவில் கைப்பிடி நாற்காலி. அதில் லிஃப்ட்காரர், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர் போல. செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம சார் கறி இல்லாம ஒரு நாள் இருக்கமாட்டார். அப்படிப்பட்டவரே" என்று ஆரம்பித்தார்.

"யாரு, நம்ம லிஃப்ட்டா?" என்று ஒரு கணீர்க் குரல் வந்தது.

மூன்றாவது மேசையில் வாயில் வறுவலோடு ஒரு பெரிய உடம்பு எழுந்து நின்றது. மூலைக் கறிக்கடைக்காரர். தொழிலுக்கு யார் வேட்டு வைக்கிறார்கள் என்று பார்க்கத்தான் வந்திருந்தார். வந்த இடத்தில் இரண்டாவது தட்டில் இருந்தார்.

"என்னண்ணே, என் கடைப் பக்கம் தலைவச்சுப் படுத்தே ஒரு வருஷம் ஆச்சு. உங்க அக்கா வாங்குறதுகூட குறைஞ்சு போச்சே. கேட்டா, 'தம்பி இப்பல்லாம் தொடுறதே இல்லை'ன்னு சொல்லுச்சு. இவங்க என்னமோ பரம்பரைங்கிறாங்க?"

கூடமே கொல்லென்று சிரித்தது. செயலாளர் இருமினார், இந்தத் தடவை இருமல் உதவவில்லை. டீச்சர் கையில் கரண்டியோடு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார்.

"உண்மையா?"

"உண்மைதான் டீச்சர். எப்ப விட்டேன்னு எனக்கே தெரியல."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

லிஃப்ட்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொல்லிட்டா அப்புறம் இங்க எனக்கு என்ன வேலை?"

டீச்சர் ஏதோ திட்டத்தான் வாயைத் திறந்தார். வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்டவர். இந்தக் கணக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நாற்காலியின் கைப்பிடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, இத்தனை வருஷத்துல நாம மாத்தின ஒரே ஆள் இவர்தான். இவரைப் போய் நானே கறி தின்னச் சொல்லியிருக்கேனே," என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் அது கூடம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. செயலாளர்கூடச் சிரித்துவிட்டு, பிறகு யாரும் பார்த்தார்களா என்று பார்த்துக்கொண்டார்.

அதெல்லாம் சரி, சமையல் எப்படி என்று யாரோ கறிக்கடைக்காரரைக் கேட்டார்கள். அவர் விரலை நக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"கறி மாதிரி கொஞ்சம்கூட இல்லை. சுத்தமா இல்லை. ஆனா அந்த எலுமிச்சை சேர்த்தது யாருன்னு தெரியல, அவன் கைக்கு மோதிரம் போடலாம். இன்னொரு தட்டு வைங்க."

அதற்கடுத்த புதன்கிழமை லிஃப்ட்காரர் முகம் மழிக்கவில்லை. போவதா வேண்டாமா என்று அறைக்குள் நடந்தார். கடைசியில் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டார். லிஃப்டைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. அவர் வெளியே வராமல், எந்தக் கோளாறும் இல்லாத பொத்தான்களைத் துடைத்துக்கொண்டு நின்றார். நேரே பார்த்தால் கைப்பிடி நாற்காலி. அதில் கறிக்கடைக்காரர் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரர் கதவை மூடுகிற பொத்தானில் விரலை வைத்தார்.

"தம்பி, அங்க என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

டீச்சர்தான். அவர் 'சார்' சொல்லவில்லை. லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று.

"உன்னைத்தான். ஒரு கூடை கிழங்கு கிடக்கு, தோல் சீவ ஆள் இல்லை. பையைக் கீழ வச்சுட்டு வா."

அவர் போய் முக்காலியில் உட்கார்ந்து சீவ ஆரம்பித்தார். வாழ்க்கையெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டியவருக்குக் கிழங்கு பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் டீச்சர் வந்து தட்டை எட்டிப் பார்த்தார். தோலை எடுக்கச் சொன்னால் கிழங்கையே எடுத்துவிட்டாயே, இதில் யாருக்குச் சோறு போடுவது, இத்தனை வயசுக்கு ஒரு கத்தி பிடிக்கத் தெரியாதா என்று எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டு, வாயெல்லாம் பல்லாக, அடுத்த கிழங்கை எடுத்தார்.