வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை

நானும் மனைவியும் மகள் மேரியோடு ரயிலை விட்டு இறங்கி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறோம். கல் பாவிய தெரு, அரண்மனை மாதிரி வீடுகள். ஒரு கடைகூடத் திறக்கவில்லை. எங்கள் ஊர் பென்னாகரத்தில் பெரிய மனிதர் யாராவது இறந்தால்தான் இப்படி இருக்கும்.

"யாரு செத்துட்டாங்கன்னு கேளு மேரி" என்கிறேன். இங்கே நர்ஸாக இருக்கும் அவள், நாயோடு போகும் ஒரு கிழவரிடம் கேட்கிறாள். அவர் தொப்பியைத் தொட்டுச் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார்.

"யாரும் சாவலையாம்ப்பா. ஞாயித்துக்கிழமைன்னா இப்பிடித்தான்."

"அன்னிக்கெல்லாம் நீ என்ன பண்ணுவ கண்ணு?" என்கிறாள் என் மனைவி.

"இந்த ஸ்டேஷனுக்கு வந்து ஒக்காந்துக்குவேம்மா. இங்கதான் சனம் இருக்கும்."

அவளுக்கு இந்த வேலை கிடைத்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். கொடுத்திருக்க வேண்டாம்.