குளிரின் மேல் போட்ட பழி

வட்டவடையிலிருந்து மூணாறுக்குக் கேரட் ஏற்றிப் போகிறவன் நான். என் பழைய பிக்கப் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சின் இருமி அணைந்துவிடும். எங்கள் மலையில் எல்லோரும் சொல்வதுபோல் நானும் குளிர்தான் காரணம் என்று நினைத்து, காலை எடுக்காமலே ஓட்டினேன்.

அன்று இறக்கத்தில் ஒரு வளைவு. கியர் மாற்றக் கிளட்சை மிதித்து, வலது காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனேன். எஞ்சின் நின்றது. எஞ்சினின் உதவி போனதும் ஸ்டியரிங் இறுகியது, பிரேக் கல்லாகிவிட்டது. பின்னாலிருந்து மூட்டைகளின் பாரம் தள்ளியது.

"பள்ளம்ங்க, திருப்புங்க!" என்று பக்கத்தில் மனைவி அலறினாள். உயிரைக் கொடுத்துத் திருப்பி, மண்மேட்டில் மோதி நிறுத்தினேன்.

மெக்கானிக் டீசல் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே ஒரே சேறு; எஞ்சினுக்கு டீசல் போக வழியே இல்லை.

"இதுக்குக் குளிர் என்னண்ணே பண்ணும்?" என்றார்.

இப்போது தினமும் ஸ்டார்ட் செய்துவிட்டுக் கீழே இறங்கி நிற்கிறேன். என் கால் இல்லாமல் எஞ்சின் ஓடினால்தான் மனைவி வண்டியில் ஏறுகிறாள்.