குழாய் இல்லாமல் வந்த சாட்டின்

எனக்கும் மீரா சாஹிபுக்கும் இப்போது ஒரே பேத்தி. என் மகள் ருஷ்தாவும் அவருடைய மகனும் பெற்ற பிள்ளை. மூக்கு என்னுடையது. அவர் அப்படி இல்லை என்கிறார்.

மீரா சாஹிப் புறக்கோட்டையில் மொத்தத் துணி வியாபாரி. வெளிநாட்டுத் துணிக்கு அரசாங்கம் கிலோக் கணக்கில் வரி எடுக்கிறது. அதனால் அவர் நிறத்தைப் பார்க்கும் முன் துணியைக் கையில் ஏந்திக் கனம் பார்ப்பார். மாளிகாவத்தையில் அவர் வீட்டு ஜன்னலுக்குக் கனமில்லாத சீலை, போட்டிருந்தாலும் எதிர் வீடு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் பேத்தியைத் தூக்கியதும் அவர் வாயில் வந்தது எடைதான். நர்ஸ் மிஸ் தராசில் வைத்தபோது அது சரியாகவே இருந்தது.

இந்தத் தீபாவளிக்கு, வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் பாலேஸ்வரி அவரிடம் பளபளக்கும் சாட்டின் துணிக்குச் சொல்லியிருந்தார். மீரா சாஹிபுக்கு அதுதான் வருடத்தின் பெரிய வியாபாரம்.

சூரத்திலிருந்து துணி அட்டைக் குழாயில் சுற்றித்தான் வரும். அந்தக் குழாய்க்கும் சேர்த்து வரி கட்டுகிறோம் என்று அவருக்கு நெடுநாள் கவலை. விற்க முடியாத அட்டைக்கு ஏன் கிலோக் காசு என்று என்னிடம் கேட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சூரத்துக்காரனுக்குப் போன் எடுத்து, குழாய் வேண்டாம், மடித்துக் கட்டி அனுப்பு என்றார். அவன் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு அனுப்பினான்.

துறைமுகத்தில் சாமான் எடுத்துத் தரும் கிஷாந்த், வரி கட்டிய துண்டுச் சீட்டோடு கடைக்கு வந்தான். வரி குறையவில்லை.

"குழாய்க்கு எப்பவுமே வரி இல்ல நானா. துணிக்கு மட்டும்தான்."

"அத நீ முந்தியே செல்லல்லயே."

"நீங்க கேக்கல்லயே."

கட்டைப் பிரித்தோம். பாரத்திலும் கப்பல் சூட்டிலும் மடிப்பெல்லாம் துணியில் பதிந்துபோயிருந்தது. லோன்றியில் கொடுத்து அயன் பண்ணிப் பார்த்தோம். மடிப்பு போகவில்லை, பளபளப்பு போனது.

வேறு துணி வருவிக்க நாளில்லை. இருந்ததையே கொண்டு போனார். நானும் கூடப் போனேன். பாலேஸ்வரியிடம் முதலில் பேத்தியின் படத்தைக் காட்டினேன். வடிவான பிள்ளை என்றார். பிறகு துணியைப் பார்த்தார்.

"இதென்ன நானா, மாடு சப்பின மாதிரிக் கிடக்கு?"

"புது டிசைன் தங்கச்சி."

"அப்பிடியெண்டா உங்கட மருமகள் பெருநாளுக்கு இதை உடுப்பாவோ?"

மீரா சாஹிப் என்னைப் பார்த்தார். பாலேஸ்வரியும் பார்த்தார். உடுக்க மாட்டாள் என்று நான் தலையாட்டினேன்.

"அப்ப சட்டைக்கு உள்ளுக்கு வைக்கிற லைனிங்குக்கு எடுக்கிறன். லைனிங் விலைக்கு. தீபாவளிக்கு வேற ஆளிட்டப் பாக்கிறன்."

மீரா சாஹிப் சரி என்றார். வேறு வழியில்லை.

திரும்பும் பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"சம்மந்தி, நீங்க தலையாட்டாம இருந்தீக்கலாம்."

"உடுப்பாள் எண்டு செல்லிப்போட்டா, பொறகு ருஷ்தா உடுக்கோணுமே," என்றேன்.

"அதுவும் சரிதான்," என்றார்.