கொரோனாவுக்குப் பிறகு ஒரு நல்ல நாள்

மாதேஸ்வரிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஜூஜுவாடி பக்கம் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. கொரோனா வந்து போன பிறகு, கம்பெனிப் படிக்கட்டில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் நார்மல். சோம்பேறித்தனம் என்றார் சூப்பர்வைசர். அவளையும் அந்தச் சந்தேகம்தான் உள்ளே அரித்தது.

கம்பெனி லைனில் இன்று டார்கெட்டுக்குக் குறைந்தால் நாளைக்குச் சேர்த்து முடித்துக் கொடுப்பார்கள். உடம்பையும் அவள் அப்படித்தான் ஓட்டினாள். தெம்பான நாள் ஒன்று வந்தால் போதும், ஓவர்டைமும் பார்த்து வீட்டையும் கழுவிவிடுவாள். அப்புறம் வாரம் முழுக்கப் படுக்கை.

"உங்களைப் படுக்க வைக்கறது அந்த நல்ல நாள்தாம்மா. கொரோனா போயும் உடம்பு இன்னும் தேறல. களைச்சுப்போறதுக்கு முன்னாடியே உக்காந்துடுங்க" என்றார் ஓசூர் டாக்டரம்மா. மாத்திரை கேட்டுப் போனவளுக்கு எரிச்சலாக வந்தது. உட்காருவதெல்லாம் ஒரு வைத்தியமா?

ஞாயிறு காலை உடம்பு லேசாக இருந்தது. ஊறவைத்த துணியில் இரண்டை மட்டும் அலசிவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்க மாட்டாமல் முந்தானையை முறுக்கியது. கணவன் தமிழரசன் பதறி ஓடி வந்தான்.

"இன்னாச்சு, மறுபடியும் முடியலயா?"

"நல்லாத்தான் இருக்குதுய்யா. அதனாலதான் உக்காந்துக்கினு இருக்கிறேன்."