சூசையப்பருக்குப் போட்ட இலை

என் மனைவி பிலோமினாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளில், எனக்குத் தெரிந்த அத்தனை புனிதர்களையும் ஒரே நேரத்தில் தொந்தரவு செய்ய ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை அந்தோணியார். வியாழக்கிழமை யூதா ததேயு. நடுவில் செபஸ்தியாருக்கு உப்பும் மிளகும் காணிக்கை. ஒருவர் லீவில் இருந்தாலும் இன்னொருவர் டியூட்டியில் இருப்பார் என்பது என் எண்ணம். மோட்சத்தில் இப்படி ஒரு ஆட்டோக்காரனை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆம், அன்பானவர்களே, நான் மதுரை வில்லாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எங்கள் கோவில் பங்குத் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவனும் நான்தான். சப்பரம் பார்க்க வருகிறவர்களைவிட என் கடிஜோக்குக்குப் பயந்து ஓடுகிறவர்கள் அதிகம் என்று பங்குச் சாமியாரே சொல்லியிருக்கிறார்.

மருந்து ஏற்றியதில் பிலோமினாவின் முடி முழுவதும் கொட்டிவிட்டது. என் தலை முப்பது வயதிலேயே மைதானம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பத்தான் பிலோமி நமக்கு ஜோடிப் பொருத்தம் சரியா அமைஞ்சிருக்கு" என்றேன். சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சென்ற ஆண்டு தவக்காலத்தின் தொடக்கத்தில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே வீட்டுல வச்சு வலியில்லாம பார்த்துக்கங்க" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் என் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுகிற இடத்தில் அல்ல, பின் சீட்டில். சவாரிக்கு ஏறியவனைப்போல உட்கார்ந்து அழுதேன். ஒரு பெண் வந்து, "அவனியாபுரம் போகுமாண்ணே?" என்று கேட்டார். "டிரைவர் வரலம்மா" என்றேன். பொய் இல்லை. அன்று வண்டியை ஓட்டும் நிலையில் யாரும் அதில் இல்லை.

கடைசியாகப் போய் விழுந்தது, இயேசுவை வளர்த்த தகப்பன் சூசையப்பர் காலில். புதன்கிழமைதோறும் வீட்டிலேயே நவநாள் ஜெபம். நான் சத்தமாகச் சொல்வேன்: "புனித சூசையப்பரே, பிலோமினாவைக் குணமாக்கும்." அவள் கட்டிலில் படுத்தபடி ஏதோ முணுமுணுப்பாள். ஒரு புதன்கிழமை விளையாட்டாகக் கேட்டேன்.

"என்ன, எனக்குத் தெரியாம தனியா ஒரு மனு போடுறியா?"

"ஆமாங்க."

"என்ன மனு?"

"நீங்க கேக்குறத நீங்க கேளுங்க. நான் நல்ல மரணம் கேக்குறேன்."

எனக்கு வாயடைத்துவிட்டது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதுவே ஒரு புதுமை என்று புரியும்.

நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இயேசுவும் மாதாவும் இரண்டு பக்கமும் இருக்க, சூசையப்பர் அமைதியாகக் கண்ணை மூடினார் என்பது நம் திருச்சபையின் நம்பிக்கை. அதனால்தான் அவரை நல்மரணத்தின் பாதுகாவலர் என்கிறோம். நற்செய்தியில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. வானதூதர் சொன்னார்; இவர் எழுந்தார், செய்தார். அவ்வளவுதான். அப்படிப்பட்டவரிடம் நான் ஒலிபெருக்கி மாதிரி கத்திக்கொண்டிருந்தேன். அவளோ முணுமுணுத்தே காரியத்தைச் சொல்லிவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. "என்னைய விட்டுட்டுப் போறதுக்கு நீயே சிபாரிசு பிடிக்கிறியா?" என்று கத்தினேன்.

"போறது உறுதின்னு உங்களுக்கும் தெரியும்ங்க," என்றாள். "வீட்டுல சாகணும். சாமியார் கையால எண்ணெய் பூசி நோயில்பூசுதல் வாங்கிட்டுச் சாகணும். எங்கண்ணன் முகத்தப் பார்த்துட்டுச் சாகணும். செத்த பெறகு பொறந்த வீட்டுக் கோடின்னு சேலைய எடுத்துட்டு வந்து அது அழுதா, எனக்குத் தெரியவா போகுது?"

அவளுடைய அண்ணன் சேவியர் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். அவர்கள் அம்மா இறந்தபோது நாங்கள் வேளாங்கண்ணியில் இருந்தோம். அடாத மழை. நாங்கள் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறையில் நின்று, "அம்மா மொகத்தக்கூடப் பார்க்க விடாத நீ எனக்கு அண்ணனே இல்ல" என்றாள் இவள். அவர் திரும்பி நடந்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இவளுக்கு நோய் வந்த பிறகு நான் எத்தனையோ தடவை போன் செய்தேன். "பார்ப்போம் மாப்ள" என்பார். வைத்துவிடுவார்.

மார்ச் மாதம் பிறந்தது. நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். சூசையப்பர் மாதத்தில் ஏழைகள் மூவரை வீட்டுக்கு அழைத்து, வயதானவரைச் சூசையப்பராகவும், ஒரு பெண்ணை மாதாவாகவும், ஒரு குழந்தையைப் பாலன் இயேசுவாகவும் பாவித்து, பாதம் கழுவி, இலை போட்டுச் சாப்பாடு கொடுப்போம். அவள் குணமானால் இதைச் செய்வதாக நான் நேர்ந்திருந்தேன். "இப்பவே செய்ங்க," என்றாள் பிலோமினா. "நான் பார்க்கணும்." மனசே இல்லாமல் சம்மதித்தேன்.

ஒரு புதன்கிழமை மதியம். எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்தின் பெண்கள் சமைத்தார்கள். மாதாவாக உட்கார கோவில் பெருக்கும் அக்கா வந்தார். பாலன் இயேசு வந்தவுடனேயே ஒரு அப்பளத்தை முடித்துவிட்டார். சூசையப்பரைத்தான் காணோம். சம்மதித்திருந்த பெரியவரை வேறொரு வீட்டில் முந்திக்கொண்டு கூட்டிப்போய்விட்டார்கள். மார்ச் மாதத்தில் எங்கள் பங்கில் நரைத்த தாடிக்கு அப்படி ஒரு கிராக்கி. நானே உட்கார்ந்துவிடலாமா என்று கேட்டேன். "சூசையப்பர் பேச மாட்டாருண்ணே" என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

போட்ட இலையை எடுக்கக் கூடாது. தெருவுக்கு ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் யாராவது ஏழைப் பெரியவர் கிடைப்பார் என்று போனவன், அங்கே வெற்றிலைக் கட்டோடு நின்றவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சேவியர் மச்சான். தாடி முழுக்க வெளுத்திருந்தது. நல்ல வசதியுள்ளவர்தான். ஆனால் அன்று அவர் நின்ற நிலையைவிடப் பெரிய ஏழ்மையை நான் பார்த்ததில்லை.

"எப்ப வந்தீய மச்சான்?"

"வந்து நேரமாச்சு. போன வாரமும் வந்தேன் மாப்ள. இதே எடத்துல நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

"ஏன்?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள வாறது?"

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் வாய் சும்மா இருக்காதே. "மூஞ்சியெல்லாம் வேணாம் மச்சான், தாடி போதும். வீட்டுல ஒரு சூசையப்பர் கொறையுது. வந்து உக்காருங்க, ஒரு வார்த்தையும் பேச வேணாம்" என்றேன்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்காரவைத்தேன். பாதம் கழுவ வேண்டியது வேண்டிக்கொண்டவர். நான் தாம்பாளத்தை எடுத்தேன். "என்னைய எறக்கி விடுங்க" என்றாள் பிலோமினா. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து அவளைத் தரையில் உட்காரவைத்தார்கள். தலையில் துண்டு. அண்ணன் காலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள்.

அவர் வெடுக்கென்று காலை இழுத்தார். "வேணாம் தாயி. நான் அதுக்கு லாயக்கு இல்ல."

"சூசையப்பரு பேசக் கூடாது," என்றாள். "சும்மா இரு."

தண்ணீரை ஊற்றினாள். பாதத்தைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு தலையைக் குனிந்தபடியே, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே" என்றாள். அவர் குனிந்து அவள் தலைமேல் இரண்டு கையையும் வைத்து விம்மினார். "காத்திருந்திருக்கணும் தாயி. காத்திருந்திருக்கணும்."

சாம்பார் ஆறிப்போயிற்று. யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

மச்சான் அதன் பிறகு ஊருக்குப் போகவில்லை. ஈஸ்டர் கழிந்து ஒரு பிற்பகல். சாமியார் வந்து நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் வீட்டுக் கட்டிலில், ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் நான். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூச்சு மெதுவாக நின்றது. அந்த அறையில் பயம் இல்லை.

நான் கேட்டது எனக்குக் கிடைக்கவில்லை, அன்பானவர்களே. அதை மறைத்தால் இது சாட்சி ஆகாது. இன்றைக்கும் காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் காப்பி போட்டுவிடுகிறேன். இரண்டையும் நானே குடித்துவிட்டு நெஞ்செரிச்சலோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஆனால் அவள் கேட்டது ஒன்றுகூடக் குறையாமல் கிடைத்தது. புனித சூசையப்பருக்குக் கோடானுகோடி நன்றி.

இப்போது புதன்கிழமை மதியங்களில் சவாரி எடுப்பதில்லை. நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குப் போகிறேன். போனதும் ஜெபிக்க ஆரம்பிப்பதில்லை. படுத்திருப்பவரிடம் முதலில், "நீங்க என்ன கேக்குறீங்க?" என்று விசாரிக்கிறேன். சிலர் சுகம் கேட்கிறார்கள். சிலர் மகனைக் கேட்கிறார்கள். ஒரு அக்கா வீட்டுக்காரர் காதில் விழாமல், "மருந்து போதும்னு அவரச் சொல்லச் சொல்லுங்க" என்றார்.

உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். பயப்படாமல் அவர்களிடம் கேளுங்கள். பதில் உங்கள் நெஞ்சைப் பிளக்கலாம். பிளந்த நெஞ்சோடு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கேட்பதையே நீங்களும் கேளுங்கள். சூசையப்பர் காதில் வாங்கிக்கொள்வார். பதில் பேச மாட்டார். எழுந்து போய்ச் செய்வார்.