அதே நம்பர் மதர்போட்

மின்னல் எங்கள் வீட்டுக்குள் டெலிபோன் வயர் வழியாக வந்தது. சித்திரைப் புதுவருடம் முடிந்த கையோடு உக்குவளையில் பின்னேரம் தவறாமல் இடி இடிக்கும். கம்பியூட்டரின் ப்ளக்கைக் கழற்றியிருந்தேன். டெலிபோன் வயரை மறந்துவிட்டேன். மறுநாள் கம்பியூட்டர் எழும்பவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால், மதர்போட்டில் மொடம் செருகியிருந்த இடம் கருகிக் கிடந்தது.

அது என் கம்பியூட்டர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். நான் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயிரியல் டீச்சர். அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து முதன்முதலாக ஏழு பிள்ளைகள் விஞ்ஞானப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தார்கள். ஏழு பேரும் தோட்டத்துப் பிள்ளைகள். யுத்தத்தால் வடக்குப் பாதை மூடிக் கிடந்தது; யாழ்ப்பாணத்து மாதிரி வினாத்தாள்கள் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. அதனால் சிங்கள வினாத்தாள்களை எடுத்து, இரண்டு வருடமாக ஒவ்வொரு கேள்வியாகத் தமிழாக்கி டைப் செய்து வைத்திருந்தேன். எல்லாம் அந்த ஹாட்டிஸ்கில். வேறு பிரதி இல்லை. சீடி ரைட்டர் வாங்குவோம், வாங்குவோம் என்று தள்ளிப்போட்டது என் பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன். மிச்சம் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எந்த மதர்போட் வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பழைய போட்டில் இருந்த அதே சிப்செட் இருந்தால், ஹாட்டிஸ்கில் உள்ள விண்டோஸ் ஒன்றும் சொல்லாமல் எழும்பும். வேறு சிப்செட் என்றால் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு நிற்கும். நின்றால், கடைகளில் செய்கிற முதல் வேலை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. ஆகவே பழைய நம்பரை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டு, என் கணவரோடு ஓட்டோவில் மாத்தளை டவுனுக்குப் போனேன். அவர் தோட்டக் கந்தோரில் கிளார்க். சோதனைச் சாவடியில் கம்பியூட்டர் பெட்டியைத் திறக்கச் சொன்ன சிப்பாய்கூட, இது யாருடையது என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டான்.

கடைக்காரர் அதுவும் கேட்கவில்லை. என் கையிலிருந்து துண்டை வாங்கி, வாசித்து, என் கணவரிடம் நீட்டினார்.

“சேர், இது பழைய சாமான். தேடினா பாவிச்சது ஒன்னு கெடைக்கும். எதுக்கு? இந்தா, புதுசு. உங்க ப்ரொசசரும் ரேமும் இதுல ஏறும். வொரண்டியும் இருக்கு.”

“பாவிச்சதே போதுங்க. ஹாட்டிஸ்க்ல உள்ளது அழியக் கூடாது” என்றேன்.

“சேர் என்ன சொல்றீங்க?”

மதர்போட்டையும் பவர் சப்ளையையும் பக்கத்தில் வைத்தால் சேருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் புதிய பெட்டியில் பளபளவென்று படம் போட்டிருந்தது. “புதுசே போடுங்க” என்றார். நான் மறுபடியும் சொன்னேன்.

“சும்மா இரு. அவங்களுக்குத் தெரியாததா?”

கடை நிறைய ஆட்கள். வெளியே வரும்போது மூன்றாவது தடவையாகச் சொன்னேன். “சரி, சரி” என்றார் கடைக்காரர், என் கணவரைப் பார்த்து. அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, பின்னேர வகுப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது கம்பியூட்டர் மேசையில் இருந்தது. போட்டுப் பார்த்தேன். என் ஃபோல்டர் இல்லை. ஒன்றுமே இல்லை. கடைக்கு கோல் எடுத்தேன்.

“டீச்சர், பழைய விண்டோஸ் எழும்பலை. அழிக்கிறதுக்கு முந்தி வீட்டுக்கு கோல் எடுத்தேனே. முக்கியமா ஏதும் இருக்கான்னு சேர்கிட்ட கேட்டேன். ஒன்னும் இல்ல, வைஃப் ஏதோ டைப் பண்ணுவாங்க, அவ்வளவுதான்னாரு.”

சேர் பக்கத்துக் கதிரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

“நான் என்னத்தக் கண்டேன்? நீ வெளங்குற மாதிரி சொல்லியிருக்கலாமே.”

ஒருவர் பேசுவதைக் கேட்கவே கேட்காமல் இருந்துவிட்டு, விளங்கவில்லை என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். அவர் கெட்டவர் இல்லை என்று என் அக்கா சமாதானம் சொன்னாள். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

சிங்களத் தாள்கள் அலுமாரியில் இருந்தன. அடுத்த நாள் அவர் கந்தோரிலிருந்து வந்ததும் பக்கத்தில் கதிரை போட்டு, தாள்கட்டை அவர் மடியில் வைத்தேன். “வாசிங்க.” அவர் சிங்களத்தில் வாசிக்க, நான் தமிழில் டைப் செய்தேன். அதுவே நாள்தோறும் நடந்தது. பரீட்சை வந்தபோது பாதிதான் முடிந்திருந்தது. ஏழு பிள்ளைகளும் அந்தப் பாதியைப் படித்துக்கொண்டுதான் போனார்கள். மற்றப் பாதிக்கு நான் யாரையும் மன்னிக்கவில்லை.

வாசிக்கத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு பின்னேரம் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, மிச்சக் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“இவ்வளவும் நீ ஒருத்தியாவா செஞ்சே?”

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஏதோ டைப் பண்ணினேன், அவ்வளவுதான். அடுத்த கேள்விய வாசிங்க.”