குளமா, வாழையா

"மீன் ஆபீசர் வந்தார். மீன் வரவில்லை." 1997 மார்ச்சில் ஒரு புதன்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே வேறு மையில், "மாலையில் வந்தது" என்று ஒரு வரி. இரண்டு வரிகளுக்கும் நடுவில் நடந்ததை அன்றே எழுத முடியவில்லை. வலையின் ஒரு முனை என் கையில் இருந்தது.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் வாய்க்காலோர வாழைத் தோட்டத்தில் ஒரு மூலையை அழித்துக் குளம் வெட்டி, கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை விட்டிருந்தார். அவருடைய அப்பா, அதாவது எனக்கு மாமா, அதைக் குளம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அது "குழி".

1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மாமா பேப்பரில் கொட்டை எழுத்துகளை மட்டும் படிப்பவர். பொங்கலுக்குப் போயிருந்த என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க மாப்ளே, மீன் வளத்துனா கோர்ட்டுக்கு இழுக்கறாங்களாமா?"

"அது கடலோரத்து இறாலுக்குங்க மாமா. நம்முளுது நல்ல தண்ணி."

"இந்த பவானித் தண்ணிதான கடலுக்குப் போகுது?"

புவியியல்படி அவர் சொன்னது சரி. அவர் மகனைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "கவருமெண்டுக் காயிதம் வந்தா குழி இருக்கட்டும். வல்லீன்னா சித்திரையில மண்ணத் தள்ளி வாழக்கன்னு வெச்சுப்போடோணும்."

மச்சான் எழுந்து குளத்தங்கரைக்குப் போய் நின்றுகொண்டார். மீன்வளத் துறைக்கு விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். அதிகாரி நேரில் வருவார், குளத்து மீனைப் பிடித்து எடை போடுவார், வளர்ச்சி சரியாக இருந்தால் பதிவுச் சான்று தருவார் என்று பதில் வந்தது.

இங்கேதான் எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தோம். வருகிறவர் அதிகாரி என்பது எங்களுக்கு இரண்டாம்பட்சம். வீட்டுக்கு வருகிறவர் ஒறம்பரை, விருந்தாளி. ஒறம்பரைக்கு நம் குளத்து மீனையே போட வேண்டாமா? விடியற்காலையில் இரவல் வலையை இறக்கி, குளத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் இழுத்தோம். நல்ல மீன்களாகப் பொறுக்கி அக்காவிடம் கொடுத்தோம்.

அதிகாரி இளைஞர். தோளில் பையும் கையில் எடைத் தராசுமாக வந்து, "முதல்ல குளத்தைப் பார்த்துடலாம்" என்றார்.

"கை நனைக்காம எப்படீங்க? எல போட்டாச்சு" என்றார் மாமா.

குழம்பு, வறுவல், மறுபடியும் குழம்பு. அதிகாரி போதும் என்று கையால் இலையை மறைத்தார். அக்கா விரல் சந்தில் ஒரு துண்டை வைத்தாள்.

பிறகு வலை போட்டோம். முதல் இழுப்பில் பாசி. இரண்டாவதில் ஒரு நண்டு. மூன்றாவதில், காணாமற்போனதாக அக்கா தேடிக்கொண்டிருந்த பித்தளைச் சொம்பு. அதிகாரி தராசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "காலையில வலை இழுத்தீங்களா?"

நான் சொம்பிலிருந்த சேற்றைக் கழுவ ஆரம்பித்தேன்.

"வலையைக் கண்டு மிரண்டு சேத்துல ஒதுங்கியிருக்கும். எடை போடாம நான் எப்படிங்க எழுதறது?"

"எடையெல்லாம் உங்க வகுத்துக்குள்ளதானுங்க இருக்குது" என்றார் மாமா. அதிகாரி சிரித்தார், மச்சான் சிரிக்கவில்லை. இன்னொரு நாள் வருவதாக அதிகாரி சொன்னபோது, சித்திரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மச்சானின் முகத்திலேயே தெரிந்தது.

சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அதிகாரி காப்பிக்கு உட்கார்ந்தார். மாமா மட்டும் மாட்டுச் சாளைப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்மூட்டுல கை நனச்சவர வெறுங்கையோட அனுப்பறதா? சித்த வாங்க" என்றார்.

கையில் ஒரு போசி நிறையத் தவிடு. நேராகக் குளத்தின் கிழக்கு மூலைக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினார். தவிட்டைத் தூவி, நாக்கைத் தட்டி, கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற அதே சத்தத்தைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அலம்பியது. மாமாவின் கால்களைச் சுற்றி மீன்கள்.

அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "தினமும் தீனி போடறது யாருங்க?"

"நாந்தான். புண்ணாக்கு" என்றார் மச்சான் குழப்பத்தோடு. "தவுடு நான் போடறதில்லியே."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமாதானுங்க. தெனம் சாயங்காலம் பொழுதோட வந்து போட்டுட்டுப் போவாரு. ஆருக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்காரு."

"தவுடு வீணாப் போகுதேன்னு போட்டனம்மணி" என்றார் மாமா, தண்ணீரைப் பார்த்தபடி.

மச்சான் வீச்சுவலையை எறிந்தார். அதிகாரி தராசில் மாட்டிய ரோகு, வால் அடித்து அவர் சட்டையை நனைத்தது. எழுதிக்கொண்டு, மீனை மறுபடி தண்ணீரில் விட்டார். சான்று சித்திரைக்கு முன்பே வந்தது. மாமா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். அதற்குப் பிறகும் அவர் வாயில் அது "குழி"தான்.

ஒன்று மட்டும் இன்னும் சரிபார்க்கப்படவில்லை. சொந்த நிலத்தில் நல்ல தண்ணீரில் மீன் வளர்க்க அந்த வருஷம் அப்படியொரு காகிதம் சட்டப்படி தேவைப்பட்டதா? பின்னாளில் விசாரித்த இடங்களில் ஒருவர் தேவை என்றார், இன்னொருவர் தேவையே இல்லை என்றார். விதியை எடுத்துக் காட்டியவர் யாருமில்லை.